அலை எழுப்பாத வேகம்

ஆர்லிஸ் பிரெக்கனிடம் விசில் வாங்காதவர் எங்கள் சின்ன டாமரக் ஏரியில் ஒருவரும் கிடையாது. நான் வாங்கியிருக்கிறேன். பாதிரியார் வாங்கியிருக்கிறார். தொப்பியும் சீருடையுமாகச் சோதனைக்கு வந்த மீன்வளத் துறைக்காரர் ஒருவரும் வாங்கிக்கொண்டு போனார். கரையை ஒட்டிப் படகு ஓட்டும்போது பின்னால் வெள்ளை நுரை தெரியக்கூடாது என்பது ஏரியின் விதி. 'அலை எழுப்பாத வேகம்' என்று பலகையே வைத்திருக்கிறோம். ஆனால் பலகையை யார் பார்க்கிறார்கள்? கொஞ்சம் நுரை தெரிந்தால் போதும், எங்கிருந்துதான் கவனிப்பாளோ, காதைத் துளைக்கிற மாதிரி ஒரு விசில் வரும். திரும்பிப் பார்த்தால் அவள் வீட்டுப் படகுத்துறையின் நுனியில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும் இடுப்பில் கையுமாக நின்றுகொண்டிருப்பாள்.

முப்பது வருடம் ஊர்த் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள். யார் கடிதம் எந்தப் பெட்டிக்கு என்று பார்த்துப் பார்த்து, உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று அவளுக்குள் ஊறிவிட்டது. வேறு ஏரியிலிருந்து படகு கொண்டுவந்தால் அடியில் பாசியோ சிப்பியோ ஒட்டியிருக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்ப்பாள். வாத்துக்கு ரொட்டி போடுகிற பிள்ளைகளிடமிருந்து ரொட்டியைப் பிடுங்கித் தானே தின்றுவிடுவாள். தூண்டிலில் ஈயக் குண்டு கட்டியிருந்தால் கையை நீட்டுவாள். ஈயத்தை விழுங்கி லூன் என்கிற நீர்ப்பறவைகள் செத்துப்போகின்றன என்பதால், ஈயத்தை வாங்கிக்கொண்டு இரும்புக் குண்டு தருவாள். என் பெட்டியில் இருக்கிற இரும்புக் குண்டெல்லாம் அவள் கொடுத்ததுதான். ஒவ்வொன்றும் ஒரு திட்டோடு வந்தது.

என் பெயர் ரோலி. எரிவாயு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஏரியின் வடக்கு மூலையில் ஒரு குடா இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் பிரெக்கன் வீடு. நடுவில் ஒரு கூப்பிடு தூரம் தண்ணீர்.

அவள் புருஷன் ஓரின் எனக்குச் சின்ன வயதுச் சிநேகிதன். படகு இஞ்சின் மெக்கானிக். பெண்டாட்டிக்கு நேர் எதிர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டான். விசில் வாங்கினவர்கள் அவனிடம் போய்ப் புலம்பினால், "எனக்கு மட்டும் என்ன சலுகையா? சமையல்கட்டுல வேகமா நடந்தாலே எனக்கு விழுது" என்பான். அவர்களுடைய தட்டைப் படகில், நத்தை மாதிரி மட்டுமே நகர்கிற அந்தப் படகில், ஊரிலேயே பெரிய இஞ்சினைப் பூட்டி வைத்திருந்தான். எதற்குடா இது என்று கேட்டால் கண்ணைச் சிமிட்டி, "அவசரத்துக்கு" என்பான். அந்த அவசரம் வந்ததாக நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று நடக்கிற படகு ஊர்வலத்தை ஆரம்பித்ததும் அவன்தான். வருடா வருடம் ஊர்வலம் அவன் வீட்டுத் துறையில் கிளம்பி, ஏரியைச் சுற்றி, அங்கேயே வந்து முடியும். முதல் படகின் முகப்பில் ஓரின் சுதந்திர தேவி சிலையாக நிற்பான். பச்சை நிறக் குளியல் அங்கி. பெயின்ட் வாளி மூடியை வெட்டிச் செய்த கிரீடம். கையில் தீப்பந்தத்துக்குப் பதில் கழிவறை அடைப்பு எடுக்கிற ரப்பர் கட்டை, தங்க வர்ணம் பூசியது. முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. அத்தனை கம்பீரம். ஒவ்வொரு துறையிலும் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

போன அக்டோபரில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல் தவிர. 'ஊஃப்டா.' எங்கள் பக்கத்து நார்வேக்காரக் கிழங்கள் குளிருக்கும் வெயிலுக்கும் முதுகுவலிக்கும் சொல்கிற சொல் அது. அப்பாடா, அடேயப்பா, ஐயோ எல்லாவற்றுக்கும் அது ஒன்றேதான். அதை வைத்துக்கொண்டு அவன் காபி கேட்டான், போர்வை கேட்டான், தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னான். ஆர்லிஸுக்கு எல்லாம் புரிந்தது.

ஆனால் யாரையும் பார்க்கமாட்டேன் என்று இருந்துவிட்டான். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டதும் எச்சில் வழிவதும் அவனுக்கு அவமானம். நான் ஹாட்டிஷ் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு அடுப்பில் வேகவைத்தது, அவனுக்கு உயிர். ஆர்லிஸ் வாசலில் வாங்கிக்கொள்வாள். எங்கள் ஊர் வழக்கப்படி வாசலிலேயே அரை மணி நேரம் விடைபெற்றுக்கொண்டு நிற்போம். உள்ளே சக்கர நாற்காலியின் முதுகு மட்டும் தெரியும். அது திரும்பாது.

ஆனால் ஒன்று மட்டும் அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். நாட்காட்டியில் ஜூலை நாலைக் காட்டி, பிறகு ஜன்னலைக் காட்டி, ஊஃப்டா என்பானாம். ஊர்வலம் குடாவுக்குள் வரும், அவன் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்ப்பான், அவனை யாரும் பார்க்க மாட்டார்கள். அதுவே போதும் அவனுக்கு.

இதற்கு நடுவில்தான் அந்தப் பறவை வந்து சேர்ந்தது.

எங்கள் குடாவில் ஒரு லூன் ஜோடி உண்டு. கறுப்புத் தலை, சிவப்புக் கண், முதுகெல்லாம் வெள்ளைக் கட்டம். நிலத்தில் நடக்கத் தெரியாத ஜன்மம். அதனால் தண்ணீர் விளிம்பிலேயே கூடு கட்டும். மே மாதக் கடைசியில் வருகிற மூன்று நாள் விடுமுறைக்கு நகரத்திலிருந்து சொந்தக்காரர்களும் படகுகளுமாக ஏரி நிறைந்தது. ட்ரெவர் என்று மினியாபொலிஸ்காரன் ஒருத்தன், இரண்டு வருடம் முன்னால் இங்கே வீடு வாங்கியவன், மலை மலையாக அலை கிளப்பி அதில் பலகை போட்டுச் சறுக்குகிற படகு வைத்திருக்கிறான். அவன் மட்டும் என்று சொல்ல மாட்டேன், அந்த மூன்று நாளும் எல்லோருமே ஆடினோம். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் கூடு நனைந்து சரிந்து கிடக்கிறது. இரண்டு முட்டையும் தண்ணீருக்குள்.

ஆர்லிஸ் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

ஜூனில் அந்தப் பறவை மறுபடியும் கூடு கட்டியது, இந்தத் தடவை பிரெக்கன் வீட்டுத் துறைக்குப் பக்கத்து நாணலில். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஜூலை முதல் வாரம் தாண்டித்தான் பொரிக்கும். ஆர்லிஸ் குடாவின் வாயில் வெள்ளை மிதவைகளைப் போட்டு, கயிறு கட்டி, உள்ளே படகு வரக்கூடாது என்று மூடிவிட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்காரர்கள் போய்வர என் கரையோரமாக ஒரு சந்து விட்டிருந்தாள். அதிலும் மின் மோட்டாரில் சத்தமில்லாமல்தான் போக வேண்டும். கட்டி முடித்து வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போதுதான் அவளுக்கு ஊர்வலம் ஞாபகம் வந்ததாம்.

ஜூன் கடைசியில் ஏரிச் சங்கத்தின் கூட்டம் ஊர்க் கூடத்தில் நடந்தது. எங்கள் கூட்டங்களில் யாரும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். முதலில் கை தூக்க வெட்கப்பட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். அன்றைக்கு ட்ரெவர் எழுந்துவிட்டான்.

"ஒரே ஒரு மணி நேரம்ங்க. கயித்த அவுத்துட்டு, எல்லாரும் உள்ள வந்து, ஓரின் ஜன்னலுக்கு நேரா ஒரு சுத்து சுத்திட்டு வெளிய வந்துடலாம். மறுபடியும் நானே கட்டிடறேன். அவருக்காக."

கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே போயின. பாதிரியார் கை, என் கை, அவளிடம் விசில் வாங்கி வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் கை, எல்லாம். அவளிடம் இத்தனை திட்டு வாங்கிய ஊர் அவளுக்காக விதியை மீறத் தயாராக நின்றது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆர்லிஸ் எழுந்தாள். "எல்லாரும் கைய எறக்குங்க."

"ஆர்லிஸ், இது நாங்களா பிரியப்பட்டு..."

"தெரியும். ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு. ஆனா இத்தனை படகு உள்ள வந்தா அது பயந்து தண்ணியில குதிச்சிரும். முட்டை வெயில்ல கெடக்கும். கழுகு மேலேயே சுத்திக்கிட்டிருக்கு. ஒரு மணி நேரம் தாராளம் அதுக்கு. வேண்டாம்."

"ஓரினை நெனச்சுப் பாரு ஆர்லிஸ்" என்றார் பாதிரியார் மெதுவாக.

"நான் வேற யாரை நெனச்சுக்கிட்டு நிக்கறேன்னு நீங்க நெனைக்கிறீங்க?"

காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். பாதி காபி அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் பாதிக் காபியில் யாரும் எழுந்து போவதில்லை.

நான் பின்னாலேயே போனேன். தன் வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வண்டி கிளப்பப்படவில்லை.

"உள்ள வா, கதவைச் சாத்து. கொசு வருது" என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். "டாக்டர் என்ன சொல்றாரு?"

"அடுத்த ஜூலையை நம்பிக்கிட்டிருக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் வேண்டாம்னே? உனக்கென்ன பைத்தியமா? பறவை அடுத்த வருஷமும் முட்டை போடும் ஆர்லிஸ்."

எனக்கு நிஜமாகவே கோபம். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"அதைத்தான் நானும் நாள் பூரா எனக்கே சொல்லிப் பாக்கறேன். ஆனா மொத முட்டை போனப்போ நான் பாத்துக்கிட்டிருந்தேன் ரோலி. ரெண்டு நாள் அந்தக் காலிக் கூட்டையே சுத்திச் சுத்தி வந்துச்சு. இப்ப மறுபடியும் வந்து உக்காந்திருக்கு. கறுப்பு ஈ மூஞ்சியெல்லாம் மொய்க்குது, அசைய மாட்டேங்குது. மழை பேயுது, அசைய மாட்டேங்குது. அதுகிட்டப் போய், 'எங்க வீட்டுக்காரருக்காகக் கொஞ்சம் எந்திரி'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இப்ப வீட்டுக்குப் போய் அவருகிட்டச் சொல்லணும். வேண்டாம்னு சொன்னது நான்தான்னும் சொல்லணும்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன் வண்டியில பின் விளக்கு ஒண்ணு எரியல, பாத்தியா?" என்றாள்.

ஜூலை நாலு அன்று காற்றே இல்லை. படகுகளில் கட்டிய கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கின. இந்த முறை ஊர்வலம் பொதுத் துறையிலிருந்து கிளம்பியது. என் படகை ஒரு பெரிய மீனாகச் சோடித்திருந்தேன், வால் பாதி வழியிலேயே கழன்றுவிட்டது. ட்ரெவர் முதலில் போனான். முன்னால் சுதந்திர தேவி இல்லாததால் பார்க்கிறவர்களுக்கும் எங்களுக்கும் களை கட்டவில்லை.

குடாவின் வாய்க்கு வந்ததும் ட்ரெவர் தானாகவே இஞ்சினை அணைத்தான். ஒவ்வொருவராக எல்லோரும் அணைத்தோம். கயிற்றுக்கு வெளியே இருபது முப்பது படகு சும்மா மிதந்துகொண்டு நின்றது. பைன் மரங்களுக்கு நடுவே பிரெக்கன் வீடு தூரத்தில் கொஞ்சம் தெரிந்தது. ஜன்னல் எது, சுவர் எது என்றே சொல்ல முடியவில்லை. ஆனாலும் நாங்கள் அந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டினோம். வளர்ந்த ஆட்கள் ஒரு மரத்தைப் பார்த்துக் கையாட்டினால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அப்போது ட்ரெவர், "ரோலி, அங்க பாருங்க" என்றான்.

என் கரையோரச் சந்தில், மரநிழலுக்குள், ஒரு தட்டைப் படகு சத்தமே இல்லாமல் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பின்னால் ஆர்லிஸ் மின் மோட்டாரைப் பிடித்தபடி நின்றாள். முகப்பில் சக்கர நாற்காலி, நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டியது. அதில் ஓரின். மிதவைச் சட்டைக்கு மேல் பச்சை அங்கி. தலையில் வாளி மூடி. விழுந்துபோன வலது கை மடியில் கிடந்தது. இடது கை ரப்பர் கட்டையை வானத்துக்கு நீட்டியிருந்தது. வாய் கோணித்தான் இருந்தது. அதை மறைக்க அவன் ஒன்றுமே செய்யவில்லை.

எப்படி நடந்தது என்று அவள் பிறகு சொன்னாள். கூட்டம் முடிந்து போய், குடாவை மூடியது மூடியதுதான், நான்தான் வேண்டாமென்றேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அன்று பூராவும் அவன் அவளைப் பார்க்கவில்லை. மறுநாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பறவை உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் தேதி காலையில் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய், கொக்கியில் தொங்கிய பச்சை அங்கியை இழுத்து அவள் முகத்தில் எறிந்தானாம். ஊஃப்டா.

வழக்கமாக ஓரின் படகு கிளம்பும்போது எல்லோரும் ஹாரன் அடிப்போம். அனிச்சையாக அத்தனை கையும் ஹாரனுக்குப் போயிற்று. ஆர்லிஸ் ஒரே ஒரு விரலைத் தூக்கினாள். அத்தனை கையும் அப்படியே நின்றது. தொப்பிகளைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டினோம். ஒரு சத்தம் இல்லை. அந்தப் படகு எங்கள் வரிசையைக் கடந்து முன்னால் போனது. என்னைக் கடக்கும்போது ஓரின் என் மீனை மேலும் கீழும் பார்த்தான், வால் இல்லாததைப் பார்த்தான். "ஊஃப்டா" என்றான். பாவி, ஒன்பது மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது.

ஏரியை முழுக்கச் சுற்றினோம். அப்புறம் தெற்கு மணல்திட்டில் படகுகளைச் சேர்த்துக் கட்டிச் சாப்பிட்டோம். எல்லோரும் ஓரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனார்கள். கலைந்து கிளம்பும்போது மாலை ஆறு தாண்டிவிட்டது. ஆறுக்கு மேல் ஏரி முழுக்க, நட்ட நடு ஆழத்திலும்கூட, அலை எழுப்பாத வேகம்தான். அந்த விதியைச் சண்டை போட்டுக் கொண்டுவந்ததே ஆர்லிஸ்தான்.

நானும் ட்ரெவரும் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தோம். நடு ஏரியில் ஓரின் ரப்பர் கட்டையால் படகின் கம்பியைத் தட்ட ஆரம்பித்தான். டங், டங். முன்னால் காட்டினான். பின்னாலிருந்த பெரிய இஞ்சினைக் காட்டினான். மறுபடியும் டங், டங். ஆர்லிஸ் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் விடவில்லை. அவள் குடா இருக்கிற வடக்குப் பக்கம் பார்த்தாள். அது ரொம்ப தூரம். எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் வானத்தைப் பார்த்தோம்.

அவள் இஞ்சின் கைப்பிடியை முழுசாகத் தள்ளினாள்.

அந்த இஞ்சினுக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படகின் மூக்கு மேலே எழும்பியது. பச்சை அங்கி பின்னால் விரிந்து பறந்தது. ஓரின் "ஊஃப்டா! ஊஃப்டா!" என்று கத்துவது இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கிரீடம் கழன்று தண்ணீரில் விழுந்தது, அவர்கள் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று நுரை. அந்த அலை வந்து என் படகைத் தூக்கிப் போட்டதில் மடியெல்லாம் காபி.

ட்ரெவர் மெல்ல, "மணி ஆறரை ஆகப்போகுது ரோலி" என்றான்.

"என் கடிகாரம் நின்னுபோச்சுப்பா."

"என்னோடதும் அப்படித்தான் தெரியுது."

மிதந்து வந்த வாளி மூடியை எடுத்து என் படகுப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் இரண்டு குஞ்சு பொரித்தது. ஒன்றைக் கழுகு கொண்டுபோயிற்று. இன்னொன்று தாயின் முதுகில் ஏறிக்கொண்டு ஓரினின் ஜன்னலுக்கு எதிரே வளர்ந்தது. அது முதுகைவிட்டு இறங்கித் தானாக முங்கி மீன் பிடிக்கிற வரை அவன் பார்த்தான். ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, காபி ஆறுவதற்குள், போய்விட்டான்.

செப்டம்பர் கூட்டத்துக்கு ஆர்லிஸ் வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். கோடைக்கால விதிமீறல்களைச் சொல்வது அவள் வேலை. எழுந்து நின்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள், என் பெயரையும் விடாமல். கடைசியாக இன்னொன்று சொன்னாள்.

"ஜூலை நாலு. சாயங்காலம் ஆறுக்கு மேல. நடு ஏரியில, முழு வேகத்துல. ஓட்டினது நான்."

ட்ரெவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அன்னைக்குச் சரியான காத்துங்க. அலை அதனாலதான் வந்துச்சு."

"ஆமா, காத்துதான்" என்றார் பாதிரியார். பொய் சொல்லக் கூடாத மனுஷர்.

"எங்க வீட்டுக் கொடியே கிழிஞ்சுபோச்சு" என்றது பின் வரிசை.

"என் மீன் வாலே பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு" என்றேன் நான்.

ஆர்லிஸ் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவரு எப்படி ஓட்டுவாருன்னு ரோலிக்குத் தெரியும். ஏரியே கிழியும். எனக்குப் பயமா இருக்கு, மெதுவா போங்கன்னு கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை கேட்டேன். அதுக்கப்புறம் நாப்பத்தி மூணு வருஷம். கொஞ்சம் வேகமா போகலாமான்னு ஒரு நாள்கூட அவரு என்னைக் கேட்டதில்ல. அந்த இஞ்சினை மட்டும் துடைச்சுத் துடைச்சு வச்சுக்கிட்டிருந்தாரு. அன்னைக்குத்தான் கேட்டாரு."

உட்கார்ந்துவிட்டாள். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று புரியாமல் அத்தனை நாள் வைத்திருந்த கிரீடத்தைப் பையிலிருந்து எடுத்து, மேசை மேல் அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு பக்கம் வளைஞ்சிருக்கு" என்றாள்.

"அவ்வளவு வேகமா போனா வளையாம என்ன செய்யும்?" என்றேன்.

அவள் சிரித்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்குக் காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.